பெல்ட் கிடைச்சும் தோத்தவங்க!



முதலில் ஒரு வேண்டுகோள். சார்ட்டில் இடம் பத்தாததால் எழுத்தைப் பொடியாக எழுதியிருக்கிறேன். மதியம் சாப்பிட்டு, கை கழுவிட்டு வந்து நிதானமாகப் படியுங்கள். விரலை வைத்துப் படிக்காதீர்கள், ஸ்கெட்ச் அழிஞ்சிடும்!

"எல்லாரும் மரம் வளர்ப்போம், மழைநீர் சேமிப்போம்னு எழுதுறாங்க. நீ என்னடா ரெஸ்லிங் பத்தி எழுதுறே?" என்று தமிழ் ஐயா கேட்டார். "ஐயா, இதிலும் ஒரு கருத்து இருக்கு" என்று சொல்லித்தான் அனுமதி வாங்கினேன். கருத்து கடைசியில் வரும். அதனால் பாதியில் ஓடிடாதீங்க.

என்னை இந்த ஸ்கூலில் எப்படிக் கூப்பிடுவாங்கன்னு உங்க எல்லாருக்கும் தெரியும். "காளி!" காரணம் என் உயரம். போன வருஷம் வாலிபால் போட்டிக்கு அப்புறம் அந்தப் பேர் இன்னும் பலமாக ஒட்டிக்கொண்டது. அது என்ன கதைன்னு கடைசியில் சொல்றேன். சரி, யார் அந்தக் காளி என்று தேடிப் போனேன். அப்படிப் போனதில், பெரிய பெரிய சாம்பியன் பட்டம் வாங்கியும் பேர் கெட்டுப்போன பல பேரின் கதை கிடைத்தது. அதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

நிஜமா? பொய்யா?

ரெஸ்லிங் என்றாலே வகுப்பில் ரெண்டு கட்சி. ஒரு கட்சி "எல்லாம் நிஜம்", இன்னொரு கட்சி "எல்லாம் டுபாக்கூர்". ரெண்டுமே முழுசா சரியில்லை.

யார் ஜெயிக்கணும் என்பது முன்கூட்டியே முடிவு செய்யப்படுகிறது. இதை அந்தக் கம்பெனியே ஒத்துக்கொண்டது. 1989-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், "எங்களுடையது போட்டி இல்லை, பொழுதுபோக்கு நிகழ்ச்சி" என்று அவர்களே அரசிடம் சொன்னார்கள். போட்டிகளுக்கு உள்ள கட்டுப்பாடும் வரியும் தங்களுக்கு வரக்கூடாது என்பதற்காக!

ஆனால் விழுவது நிஜம். அடி நிஜம். 1999-இல் டாரன் டிராஸ்டோவ் என்ற வீரர் ரிங்கில் விழுந்த விழுக்காட்டில் கழுத்தில் அடிபட்டு, நடக்க முடியாமல் போனார். அதனால் நம்ம ஊர் தெருக்கூத்து மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கதை தெரிஞ்சதுதான். ஆனா ஆடுறவன் உடம்பு நிஜம்.

சாம்பியனின் வேலை என்ன?

இப்போது ஒரு கேள்வி வரும். முடிவு முன்னாடியே தெரியும் என்றால் சாம்பியன் பெல்ட்டுக்கு என்ன மதிப்பு?

இருக்கிறது. பெல்ட் என்பது பரிசு இல்லை, ஒரு வேலை. "இவரை வைத்து நம்ம கடையை நடத்தலாம்" என்று கம்பெனி நம்புகிற ஆளுக்குத்தான் அதைத் தருவார்கள். சாம்பியன் வந்தால் டிக்கெட் விற்கணும். சண்டை பார்க்கிற மாதிரி இருக்கணும். அவரிடம் தோற்கிறவனும் பெரிய ஆளாகத் தெரியணும். இந்த மூன்றும் நடக்காவிட்டால், எத்தனை நாள் பெல்ட் தோளில் இருந்தாலும் அந்த ஆட்சி சப்புன்னு போயிடும்.

இப்போது உதாரணங்களைப் பார்ப்போம்.

1) டீசல்: 8 நொடியில் வந்தவர்

உண்மைப் பெயர் கெவின் நாஷ். ஏழடிக்குப் பக்கத்தில் உயரம். முதலில் ஷான் மைக்கேல்ஸ் என்ற வீரருக்கு மெய்க்காப்பாளராக, முறைத்துக்கொண்டே வருவார். 1994 ராயல் ரம்பிளில் ஒரே மூச்சில் ஏழு பேரைத் தூக்கி வெளியே போட்டார். கெட்டவனாக இருந்தும் ஜனங்கள் கைதட்டினார்கள்.

அதே வருஷம் நவம்பர் 26-ஆம் தேதி நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் பாப் பேக்லண்டை 8 நொடியில் தோற்கடித்து சாம்பியன் ஆனார். 8 நொடி! நாம் "உள்ளேன் ஐயா" சொல்லி உட்காருவதற்குள் முடிஞ்சது.

அதுக்கப்புறம்தான் சறுக்கல். முறைத்துப் பார்ப்பதுதான் அவர் அழகு. ஆனால் சாம்பியன் ஆனவுடன், எல்லாரையும் பார்த்துச் சிரித்து, குழந்தைகளுக்குக் கை கொடுக்கிற நல்ல பிள்ளையாக அவரை மாற்றிவிட்டார்கள். ஜனங்களுக்கு எது பிடித்ததோ அதையே எடுத்துட்டா எப்படி? 358 நாள் பெல்ட் இருந்தது. ஆனால் அது வியாபாரம் படுத்த காலம் என்றுதான் இன்றைக்கும் பேசுகிறார்கள்.

1995 நவம்பர் 19-இல் பிரெட் ஹார்ட்டிடம் தோற்றார். தோற்ற கையோடு பிரெட்டை மறுபடி தூக்கி அடித்துவிட்டு, பழைய முறைப்போடு வெளியே போனார். ஜனங்கள் ஆர்ப்பரித்தார்கள்! அடுத்த வருஷமே வேறு கம்பெனிக்குப் போய், ஹல்க் ஹோகனுடன் சேர்ந்து "என்.டபிள்யூ.ஓ." என்ற கும்பலில் இருந்து கொடிகட்டிப் பறந்தார். ஆள் அதே ஆள்தான். அப்போ தப்பு எங்கே இருந்தது? யோசிங்க.

2) டேவிட் ஆர்க்கெட்: வேண்டாம்னு சொன்னவர்

இவர் வீரரே இல்லை, சினிமா நடிகர்! 2000-ஆம் ஆண்டு டபிள்யூ.சி.டபிள்யூ. என்ற கம்பெனியோடு சேர்ந்து ஒரு ரெஸ்லிங் படத்தில் நடித்தார். படத்துக்கு விளம்பரம் வேண்டும் என்பதற்காக ஏப்ரல் மாதம் அவரையே உலக சாம்பியன் ஆக்கிவிட்டார்கள். அதுவும் எப்படி? இருவர் இருவராக மோதும் போட்டியில், யார் எதிரியை அமுக்குகிறாரோ அவருக்கே பெல்ட் என்று அறிவித்தார்கள். அவர் அமுக்கியது இன்னொரு வீரரைக்கூட இல்லை, கம்பெனி நிர்வாகியை!

ஆர்க்கெட் சின்ன வயதிலிருந்தே ரெஸ்லிங் ரசிகர். "இது வேண்டாம், ரசிகர்களுக்குக் கோபம் வரும்" என்று அவரே தடுத்துப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை. மே 7-ஆம் தேதி பெல்ட் கைமாறியது. ரெண்டு வாரம்கூட முழுசா இல்லை. அவருக்குக் கிடைத்த பணத்தை, இறந்துபோன ஓவன் ஹார்ட், பிரையன் பில்மன் குடும்பங்களுக்கும், மேலே சொன்னேனே, அந்த டிராஸ்டோவுக்கும் கொடுத்துவிட்டார். ஆனாலும் கேலி நிற்கவில்லை. அந்த வருஷத்தில் அந்த பெல்ட் கைமாறியதும் காலியானதுமாக இருபது தடவைக்குக் குறையாது. அடுத்த ஆண்டு, 2001 மார்ச்சில், கம்பெனியே விற்கப்பட்டுவிட்டது.

18 வருஷம் கழித்து, 2018-இல், நாற்பத்தாறு வயதில் ஆர்க்கெட் ஒழுங்காகப் பயிற்சி எடுத்துக்கொண்டு சின்னச் சின்ன ரிங்குகளில் சண்டை போட வந்தார். ஒரு சண்டையில் கழுத்தில் வெட்டுப்பட்டு ரத்தம் கொட்டியது. எதுக்காக? போன மரியாதையைத் திருப்பி வாங்க! இதைப் படித்தபோது எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு.

உங்களுக்குத் தெரியுமா?

★ நம்ம அண்ணன்கள் "டபிள்யூ.டபிள்யூ.எஃப்." என்று சொல்வதுதான் 2002 மே மாதம் "டபிள்யூ.டபிள்யூ.இ." ஆனது.

★ சாம்பியன் விதியை மீறி டிஸ்குவாலிஃபை ஆனால், தோற்றதாகக் கணக்கு. ஆனால் பெரும்பாலும் பெல்ட் அவரிடமே இருக்கும்! இந்த ஓட்டையை யார் பயன்படுத்தினார் என்று கீழே வரும்.

3) ரே மிஸ்டீரியோ: பெல்ட் உண்டு, மரியாதை இல்லை

முகமூடி போட்டவர். ஐந்தடி ஆறு அங்குலம்தான். 2005 நவம்பரில் அவருடைய உயிர் நண்பர் எடி கெரேரோ இறந்துபோனார். 2006 ராயல் ரம்பிளில் ரே ரெண்டாவது ஆளாக உள்ளே வந்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் தாக்குப்பிடித்து ஜெயித்தார். ஏப்ரல் 2-ஆம் தேதி ரெஸில்மேனியாவில் உலக சாம்பியன். அவ்வளவு பெரிய ஆட்களுக்கு நடுவில் குள்ளமான ஒருத்தர் சாம்பியன் என்றதும் எல்லாருக்கும் சந்தோஷம்.

ஆனால் சாம்பியன் ஆன பிறகு வாரா வாரம் அவரை அடி வாங்க வைத்தார்கள். பெல்ட் பணயம் இல்லாத சண்டைகளில் பெரிய உருவங்களிடம் தோற்க வைத்தார்கள். அப்படி அவரைப் பந்தாடியவர்களில் ஒருவர், அப்போதுதான் புதிதாக வந்திருந்த நம்ம காளி! 112 நாளில், ஜூலை 23-இல் பெல்ட் போயே போச்சு. சாம்பியனே எல்லாரிடமும் தோற்றால், அந்த பெல்ட்டைப் பார்த்து யாருக்கு ஆசை வரும்?

4) தி கிரேட் காளி: நம்ம ஊர்க்காரர்

இப்போ நம்ம ஆள்.

உண்மைப் பெயர் தலீப் சிங் ராணா. இமாச்சலப் பிரதேசம் சிர்மௌர் மாவட்டத்தில் ஒரு சின்ன கிராமம். ஏழைக் குடும்பம். சிம்லாவில் காவலாளி வேலை பார்த்தார். அவருடைய உயரத்தைப் பார்த்து பஞ்சாப் போலீசில் சேர்த்துக்கொண்டார்கள். பிறகு அமெரிக்கா போய் ரெஸ்லிங் கற்றுக்கொண்டார். "காளி" என்ற பெயர் நம்ம காளியம்மன் பெயர்தான்!

2006 ஏப்ரலில் டபிள்யூ.டபிள்யூ.இ.-க்குள் நுழைந்த அன்றே அண்டர்டேக்கரை அடித்துச் சாய்த்தார். எங்க சித்தப்பா அப்போ ஸ்கூல் படிச்சிட்டிருந்தார். "நம்மாளு ஒருத்தன் அண்டர்டேக்கரையே படுக்க வெச்சுட்டான்டா"ன்னு தெருவே பேசுச்சாம். சித்தப்பாவோட டிரம்ப் கார்டு கட்டு இன்னும் ஒரு பழைய ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கு. அதில் காளி கார்டு வந்தால் கண்ணை மூடிக்கொண்டு "ஹைட்" சொல்லுவாங்களாம். அவ்வளவுதான், கார்டு நமக்கு!

2007 ஜூலையில் அப்போதைய சாம்பியன் எட்ஜ் காயம்பட்டு பெல்ட்டை விட்டுக்கொடுக்க வேண்டி வந்தது. உடனே 20 பேரை ரிங்கில் இறக்கினார்கள். மேல் கயிற்றைத் தாண்டி வெளியே விழுந்தவர் அவுட். கடைசியில் கேன், பட்டிஸ்டா ரெண்டு பேரையும் ஒரே தள்ளில் வெளியே அனுப்பி காளி உலக சாம்பியன் ஆனார். அந்தக் கம்பெனியில் இந்தியாவில் பிறந்த முதல் உலக சாம்பியன் அவர்தான். டென் ஸ்போர்ட்ஸில் இதைப் பார்த்து சித்தப்பா வீட்டுக்குள்ளேயே குதித்தாராம். பாட்டியிடம் அடி வாங்கினது தனிக்கதை.

சந்தோஷம் 61 நாள்தான். காளியால் வேகமாக நகர முடியவில்லை. முழங்கால் ஒத்துழைக்கவில்லை. ஒரு வெட்டு, ஒரு மிதி, ஒரு பிடி, அவ்வளவுதான். ஆகஸ்ட் மாதம் சம்மர்ஸ்லாமில் பட்டிஸ்டாவோடு மோதும்போது நாற்காலியால் அடித்து டிஸ்குவாலிஃபை ஆனார். மேலே சொன்ன ஓட்டை வழியாகத்தான் பெல்ட் பிழைத்தது. செப்டம்பர் 16-இல் பட்டிஸ்டாவே ஜெயித்து வாங்கிவிட்டார். மறுநாள் ஸ்கூலில் "உங்க காளி அம்பேல்"னு எல்லாரும் ஓட்டினதா சித்தப்பா சொன்னார். அதுக்கப்புறம் கொஞ்ச வருஷத்தில் காளியைச் சிரிப்புக் காட்டுகிற, டான்ஸ் ஆடுகிற ஆளாக மாற்றிவிட்டார்கள்.

ஒண்ணு மட்டும் சொல்லணும். சாம்பியன் ஆவதற்கு ரெண்டு மாசம் முன்னாடிதான் காளியை ஜான் சீனாவிடம் தோற்க வைத்தார்கள். அப்படித் தோற்றவருக்கு, எட்ஜ் காயம்பட்டதால் திடீரென்று பெல்ட் வந்தது. இன்னொரு விஷயம், அவருடைய அந்த உயரமே உடம்பில் சுரப்பி கோளாறால் வந்தது. 2012-இல் மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பிக் கட்டிக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டார். நாம் எதைப் பார்த்து "மெதுவா நடக்கிறான்"னு சிரிச்சோமோ, அது நோவு. இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2015-இல் அவர் ஜலந்தரில் ரெஸ்லிங் பள்ளி தொடங்கினார். 2021-இல் டபிள்யூ.டபிள்யூ.இ. அவரை ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தது.

5) ஜிந்தர் மஹால்: டெல்லிக்கு பெல்ட் வரலை

இது நானே பார்த்தது. 2017 கோடை லீவு. நான் மூணாம் வகுப்புக்குப் போகப்போறேன். ஜிந்தர் கனடாவில் பிறந்த பஞ்சாபிக்காரர். பல வருஷமா தோற்கிற ஆளாகவே வைத்திருந்தார்கள். ஏப்ரல் 18-இல் திடீரென்று ஆறு பேர் போட்டியில் ஜெயித்தார். மே 21-இல் ராண்டி ஆர்ட்டனை வீழ்த்தி சாம்பியன்! ஒரே மாசம்! இந்தியாவில் கோடிக்கணக்கான ரசிகர்கள் இருக்கிறார்கள், அந்தச் சந்தைக்காகத்தான் இந்த முடிவு என்று எல்லாரும் பேசினார்கள்.

எனக்கு அதெல்லாம் தெரியாது. "நம்மாளு"ன்னு குதித்தேன். சித்தப்பா மட்டும் "பொறுடா, காளியைப் பார்த்தவன் நான்" என்றார். அதேதான் நடந்தது. ஒவ்வொரு சண்டையிலும் சிங் பிரதர்ஸ் என்ற ரெண்டு பேர் குறுக்கே புகுந்து காப்பாற்றினார்கள். மூங்கில் கூண்டுச் சண்டையில் காளியே வந்து உதவினார். தனியாக, சுத்தமாக ஜெயிக்க விடவே இல்லை. காளியும் வில்லன், ஜிந்தரும் வில்லன். இந்தியன் சாம்பியன் ஆனா ஏமாற்றித்தான் ஜெயிக்கணுமா என்று எனக்கு இப்போதுதான் கேட்கத் தோன்றுகிறது.

170 நாள். நவம்பர் 7-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஏ.ஜே. ஸ்டைல்ஸிடம் பெல்ட் போனது. டிசம்பர் 9-இல் டெல்லியில் நிகழ்ச்சி. எந்த ஊருக்காக சாம்பியன் ஆக்கினார்களோ, அந்த ஊருக்கு பெல்ட் இல்லாமல் வந்தார். வந்து டிரிபிள் எச்-சிடமும் தோற்றார். முடிஞ்சதும் ரெண்டு பேரும் சேர்ந்து பாங்க்ரா ஆடினாங்க. நான் அழுதேன்.

இங்கே ஒரு ஒப்பீடு. ஜிந்தரோடு ஒரே குழுவில் இருந்தவர் டிரூ மெக்கின்டயர். 2014 ஜூனில் ரெண்டு பேரையும் ஒரே நாளில் வேலையை விட்டு அனுப்பினார்கள். டிரூ மூன்று வருஷம் வெளியே சின்னக் கம்பெனிகளில் உழைத்து, திரும்பி வந்து, படிப்படியாக ஏறி, 2020 ராயல் ரம்பிளில் ஜெயித்து, அதன் பிறகு பிராக் லெஸ்னரை வீழ்த்தி சாம்பியன் ஆனார். கொரோனா காலம், எதிரே ஒரு ரசிகர்கூட இல்லை. ஆனாலும் "இவர் தகுதியானவர்தான்" என்றார்கள். அவருக்கு ஏணி கொடுத்தார்கள். ஜிந்தரை மாடியில் தூக்கி வைத்துவிட்டு ஏணியே கொடுக்கவில்லை.

6) கோஃபி கிங்ஸ்டன்: 180 நாள், 10 நொடி

இவருக்கு ஏணி இருந்தது. கானா நாட்டில் பிறந்தவர். பதினோரு வருஷம் உழைத்து, 2019 ஏப்ரல் 7-இல் டேனியல் பிரையனை ஜெயித்து சாம்பியன் ஆனார். அவருடைய பிள்ளைகள் ரிங்கில் ஏறி வந்தபோது பார்த்தவர்கள் கண் கலங்கினார்கள். நல்ல சாம்பியன்தான். ஆனால் அக்டோபர் 4-இல் பிராக் லெஸ்னர் வந்தார். பத்து நொடிகூட ஆகவில்லை, முடித்துவிட்டார்! சரி, மறுபடி மோதிப் பழி வாங்குவார் என்று காத்திருந்தால், அந்த வாய்ப்பும் தரவில்லை. ஒன்றுமே நடக்காத மாதிரி சிரித்துக்கொண்டு பழைய குழுவோடு வந்து நின்றார்.

டீசல் 8 நொடியில் வந்தார், கோஃபி 10 நொடியில் போனார். ரெண்டும் அவங்க முடிவு இல்லை.

ஆக, காரணம் என்ன?

ஒன்று: ஆளுக்காக இல்லாமல் வேறு எதற்காகவோ பட்டம் கொடுப்பது (படத்துக்காக, சந்தைக்காக, உயரத்துக்காக).

இரண்டு: ஏணி இல்லாமல் மேலே வைப்பது.

மூன்று: பட்டத்தைக் கொடுத்துவிட்டு நம்பிக்கையைக் கொடுக்காமல் இருப்பது.

இந்த மூன்றிலும் வீரரின் தப்பு எவ்வளவு? கொஞ்சம்தான். ஆனால் கேலி முழுக்க அவருக்கு!

இப்போ என் கதை

போன வருஷம் நான் திடீர்னு ஆறடி ஒரு அங்குலம் வளர்ந்துட்டேன். வாலிபால் டீமுக்கு ஆள் எடுக்கும்போது, என்னைப் பார்த்ததும் "இவன்தான் கேப்டன்" என்று முடிவாயிற்று. எனக்கும் ஆசை. மறுக்கவில்லை. நான் வாலிபால் தொட்டே ஒரு மாசம்தான் ஆகியிருந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து தினமும் காலையில் கிரவுண்டுக்கு வந்து, நெட் கட்டி, செட்டராக ஆடுகிற என் நண்பன் ஒருத்தன் பக்கத்திலேயே நின்றான். அவன் ஒண்ணும் சொல்லவில்லை.

குறுவட்டப் போட்டியில் முதல் ஆட்டத்திலேயே ரெண்டு செட்டும் போச்சு. என் கை நெட்டுக்கு மேலே இருந்தது, பந்து நெட்டுக்குக் கீழே போனது. பஸ்ஸில் வரும்போதே "காளி, காளி"ன்னு ஆரம்பிச்சாங்க. நானும் சிரித்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து சிரிக்கவில்லை. அதுக்கப்புறம் என் நண்பன் என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டான். அவன் மேல் தப்பே இல்லை.

இந்தக் கட்டுரைக்காகப் படிக்கும்போதுதான் ஒன்று புரிந்தது. காளிக்கும் ஜிந்தருக்கும் "வேண்டாம்" என்று சொல்ல வழி இருந்திருக்குமோ என்னவோ. ஆர்க்கெட் சொல்லியும் யாரும் கேட்கவில்லை. ஆனால் எனக்கு வழி இருந்தது. நான்தான் சொல்லவில்லை.

அதனால் போன வாரம் பி.டி. சாரிடம் போய், "சார், இந்த வருஷம் அவனே கேப்டனா இருக்கட்டும். நான் நெட் பக்கத்துல நின்னு பிளாக் பண்றேன். தினமும் காலையில வர்றேன்" என்றேன். சார் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஆறு மணிக்கு வரணும்" என்றார். வருகிறேன். அவனும் வருகிறான். இன்னும் சரியாகப் பேசவில்லை. ஆனா நேத்து எனக்கு மூணு நல்ல பந்து தூக்கிக் கொடுத்தான். அதில் ஒண்ணை அடிச்சுட்டேன்!

ஐயா, நான் சொன்ன கருத்து இதுதான்: பட்டம் வாங்கித் தோற்றவனைக் கேலி செய்வதற்கு முன்னால், அவனுக்கு ஏணி கொடுத்தார்களா என்று பாருங்கள். நமக்கே யாராவது ஏணி இல்லாமல் பட்டம் கொடுத்தால், வாங்குவதற்கு முன்னால் பக்கத்தில் நிற்பவனையும் ஒரு தடவை பாருங்கள்.

என்னைக் "காளி" என்றே கூப்பிடுங்கள், பரவாயில்லை. இமாச்சலக் கிராமத்திலிருந்து கிளம்பி உலக சாம்பியன் ஆனவர் பெயர் அது. எனக்கு இப்போது பெருமைதான்.

நிறை குறைகளை நேரில் சொல்லவும். மீண்டும் அடுத்த இதழில் சந்திப்போம்.

இப்படிக்கு,
உங்கள் "காளி",
பதினோராம் வகுப்பு 'ஆ' பிரிவு,
கடைசி பெஞ்ச், சன்னல் ஓரம்.